டிக்கெட் எடுப்பது கடைசி வேலை



நம்ம ஊர்ல வெளிநாட்டுப் பயணம் என்பது இப்போ பணக்காரங்க விஷயம் மட்டும் இல்லை. மகள் சிங்கப்பூரில் இருக்கிறாள், தம்பி துபாயில் இருக்கிறான், சித்தப்பா குடும்பம் கோலாலம்பூரில் இருக்கிறது. பிரசவம் பார்க்கப் போகிற அம்மாக்கள், பேரனுடைய முதல் பிறந்தநாளுக்குப் போகிற தாத்தாக்கள், வேலைக்காக முதல் தடவை விமானம் ஏறுகிற பையன்கள் என்று எல்லாரையும் திருச்சி விமான நிலைய வாசலில் ஒரு மணி நேரம் நின்றாலே பார்த்துவிடலாம். அவர்களில் பலருக்கு வீட்டில் யாரோ ஒருவர் கைபேசியில் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருப்பார்.

அந்த யாரோ ஒருவர் நீங்கதான் என்றால், இந்தப் பேச்சு உங்களுக்குத்தான்.

கைபேசியில் டிக்கெட் எடுக்கப் பத்து நிமிடம் போதும். சிக்கலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. நீங்க எதைத் தட்டினாலும் அந்தச் செயலி வாங்கிக்கொள்ளும். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் வாங்கிக்கொள்ளும். பாஸ்போர்ட் அடுத்த மாதம் காலாவதி ஆவதாக இருந்தாலும், விசாவே எடுக்காவிட்டாலும் வாங்கிக்கொள்ளும். பணம் வந்தால் போதும். இதையெல்லாம் சரிபார்ப்பது விமான நிலைய கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர். உரிய ஆவணம் இல்லாத பயணியை ஏற்றிக்கொண்டு போனால் பல நாடுகளில் விமான நிறுவனத்துக்கு அபராதம் விழும். அவரைத் திருப்பி அழைத்து வரும் செலவும் அந்த நிறுவனத்தின் தலையில்தான். அதனால்தான் கவுன்டரில் இருப்பவர் அவ்வளவு கறாராக இருக்கிறார். அவரைத் திட்டிப் பயனில்லை.

ஆகவே வரிசையை மாற்றிக்கொள்ளுங்க. முதலில் பாஸ்போர்ட், அடுத்து போகிற நாட்டின் விதி, அதற்கடுத்து உங்க வங்கிக் கார்டு. டிக்கெட் கடைசி.

முதலில் பாஸ்போர்ட்டைத் திறங்க

காலாவதி தேதியைப் பாருங்க. சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகள், நீங்க போய் இறங்குகிற நாளில் இருந்து குறைந்தது 6 மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும் என்று கேட்கின்றன. "இன்னும் நாலு மாசம் இருக்கே" என்று நாம் நினைப்போம். கவுன்டரில் அதை ஏற்கமாட்டார்கள். காலாவதி ஆவதற்கு ஓராண்டுக்கு முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம்.

விண்ணப்பத்துக்குப் பாஸ்போர்ட் சேவா இணையதளம், எம்பாஸ்போர்ட் சேவா செயலி இரண்டு மட்டும்தான். பெரியவர்களுக்கான 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரண முறையில் கட்டணம் 1,500 ரூபாய். தட்கல் என்றால் கூடுதலாக 2,000 ரூபாய். இதற்கு மேல் எந்தத் தளமாவது 'சேவைக் கட்டணம்' கேட்டால் வெளியே வந்துவிடுங்க. பாஸ்போர்ட் பெயரில் நடக்கும் போலித் தளங்களை வெளியுறவு அமைச்சகமே பட்டியல் போட்டு எச்சரித்திருக்கிறது. தேடும்போது முதலில் வந்து நிற்பது பல நேரம் காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். நம் ஒன்றிய அரசின் தளமா என்று பார்க்க, முகவரி 'டாட் ஜிஓவி டாட் ஐஎன்' என்று முடிகிறதா என்று பாருங்க.

இப்போ பெயர். நம்ம ஊருக்கே உரிய தலைவலி இது.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் 'எஸ். கவிதா', ஆதாரில் 'கவிதா எஸ்', பாஸ்போர்ட்டில் 'கவிதா சண்முகம்' என்று ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். டிக்கெட் தளமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் காட்டும். இதில் ஆதாரை மறந்துவிடுங்க. பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதுதான் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் புகைப்படம் உள்ள பக்கத்தின் அடியில், அம்புக்குறி மாதிரி குறிகளோடு இரண்டு வரி இருக்கும், பாருங்க. விமான நிலைய இயந்திரம் படிப்பது அதைத்தான். நாட்டுக் குறியீட்டுக்கு அடுத்து முதலில் வருவது சர்நேம். அடுத்தடுத்து இரண்டு அம்புக்குறி வந்தபின் இருப்பது கிவன் நேம். அதை அப்படியே எடுத்து எழுதுங்க.

சிலருக்குச் சர்நேம் இடமே காலியாக இருக்கும். இவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசா இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது, நம் பக்கத்தில் நிறையப் பேர் திண்டாடினார்கள். பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்ளப்படும் என்று பிறகு விளக்கம் வந்தது. டிக்கெட் எடுக்கும்போது இப்படிப்பட்டவர்கள் கடைசிப் பெயர்க் கட்டத்தில் என்ன போட வேண்டும் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சிலர் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்வார்கள். அந்த நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் படித்துவிட்டுப் போடுங்க, ஊகித்துப் போடாதீங்க.

எழுத்துப் பிழை வந்துவிட்டால் பதறவும் வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம். விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் நேரடியாக எடுத்த டிக்கெட் என்றால், 24 மணி நேரத்துக்குள் சொன்னால் அதே நபரின் பெயரைக் கட்டணம் இல்லாமல் திருத்தித் தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் விதி. இடைத்தரகச் செயலியில் எடுத்தால் இந்தச் சலுகையைக் கேட்டு வாங்குவது கஷ்டம். விலை இருநூறு முன்னூறு கூட இருந்தாலும் முதல் தடவை போகிறவர்களுக்கு விமான நிறுவனத் தளத்திலேயே எடுங்க என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

'நைட்டு பன்னிரண்டரை' எந்த நைட்டு?

நம்ம பேச்சு வழக்கில் '15ஆம் தேதி நைட்டு பன்னிரண்டரை' என்றால் 15ஆம் தேதி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது என்று அர்த்தம். விமானக் கணக்கில் 15ஆம் தேதி 00.30 என்றால், 14ஆம் தேதி ராத்திரியே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி ராத்திரி போனால் விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். நம்ம ஊரில் இருந்து வெளிநாடு போகிற விமானங்கள் பல நள்ளிரவை ஒட்டித்தான் கிளம்புகின்றன. டிக்கெட்டை வீட்டில் பெரியவர்களிடம் கொடுக்கும்போது "14ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, ராத்திரி ஒன்பது மணிக்கு ஏர்போர்ட்டில் இருக்கணும்" என்று கிழமையோடு தமிழில் எழுதிக் கொடுங்க. டிக்கெட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊர் நேரம் என்பதையும் சொல்லிவிடுங்க. சிங்கப்பூரும் மலேசியாவும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால்.

காசு கேட்காத படிவத்துக்குக் காசு கட்டாதீங்க

இப்போது பல நாடுகள் விமானத்தில் கொடுத்துவந்த வருகைச் சீட்டை இணையத்துக்கு மாற்றிவிட்டன. சிங்கப்பூருக்கு எஸ்ஜி அரைவல் கார்டு. மலேசியாவுக்கு எம்டிஏசி என்கிற டிஜிட்டல் வருகை அட்டை, 2024 ஜனவரி 1 முதல் கட்டாயம். தாய்லாந்துக்கு டிடிஏசி, 2025 மே 1 முதல் கட்டாயம். மூன்றும் இலவசம். மூன்றையும் போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். ஒரு மாதத்துக்கு முன்பே உட்கார்ந்தால் வேலை நடக்காது.

இலவசப் படிவத்தை வைத்துக் காசு பார்க்கும் தளங்களும் இருக்கின்றன. தேடினால் மேலே வரும், அரசு முத்திரை மாதிரி ஒன்று இருக்கும், கடைசிப் பக்கத்தில் டாலரில் கட்டணம் கேட்கும். அந்தந்த நாட்டுக் குடிவரவுத் துறையின் முகவரியைப் பாருங்க. மலேசியாவுக்கு 'டாட் ஜிஓவி டாட் எம்ஒய்', சிங்கப்பூருக்கு 'டாட் ஜிஓவி டாட் எஸ்ஜி', தாய்லாந்துக்கு 'டாட் ஜிஓ டாட் டிஎச்' என்று முடிய வேண்டும்.

வருகை அட்டை வேறு, விசா வேறு. இந்தியர்கள் 30 நாள் வரை தங்க மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் விசா விலக்கு தந்தது. இப்படிப்பட்ட சலுகைகளுக்குக் காலக்கெடு உண்டு. போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் போனதை வைத்து முடிவு செய்யாமல், டிக்கெட் எடுக்கிற அன்றைக்கு விதி என்ன என்று பாருங்க. சிங்கப்பூருக்கு இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். வழியில் விமானம் மாறுகிறவர்கள் அந்த நடுவழி நாட்டின் விதியையும் பார்க்க வேண்டும். அமெரிக்கா வழியாக மாறிப் போகிறவருக்கு விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் விசா தேவை.

மலிவான டிக்கெட்டில் இன்னொரு கண்ணி உண்டு. சில செயலிகள் இரண்டு நிறுவனங்களின் தனித்தனி டிக்கெட்டுகளைச் சேர்த்து ஒரே பயணம் போலக் காட்டும். 'செல்ஃப் டிரான்ஸ்ஃபர்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். நடுவில் இறங்கி, பெட்டியை நீங்களே எடுத்து, மறுபடி கவுன்டரில் போட வேண்டும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதி வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்குப் பொறுப்பு கிடையாது. தனியாகப் போகிற பெரியவர்களுக்கு இப்படி எடுக்கவே எடுக்காதீங்க.

கார்டு ஏன் வேலை செய்யலை?

"அக்கவுன்ட்ல பணம் இருக்கு, ஆனா கார்டு டிக்ளைன்னு வருது" என்று பலர் சொல்வார்கள். இதற்குக் காரணம் பெரும்பாலும் எளிது. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2020 அக்டோபர் முதல் புதிதாகத் தரப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடியே இருக்கும். வாடிக்கையாளர்தான் திறக்க வேண்டும். உங்க வங்கிச் செயலியில் கார்டு பகுதிக்குப் போனால் 'இன்டர்நேஷனல்', 'ஆன்லைன்' என்று தனித்தனிப் பொத்தான்கள் இருக்கும். இந்திய நிறுவனத் தளத்தில் ரூபாயில் கட்டும்போது அது தேவைப்படாது. வெளிநாட்டு விமானம், வெளிநாட்டு ஓட்டல் தளங்களில்தான் தேவைப்படும்.

திறந்ததை மூடவும் வேண்டும். வெளிநாட்டுத் தளங்களில் பல நேரம் ஓடிபியே கேட்காது. கார்டு எண், தேதி, பின்னால் உள்ள மூன்று எண் இருந்தால் பணம் போய்விடும். ஆகவே தேவையான தொகைக்கு மட்டும் வரம்பு வைத்து, கட்டணம் கட்டி முடித்ததும் பொத்தானை அணைத்துவிடுங்க. வெளிநாட்டு நாணயத்தில் கட்டினால் பல வங்கிகள் 2 முதல் 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிக்கும், அதன்மேல் ஜிஎஸ்டியும் உண்டு. விலையை ஒப்பிடும்போது இதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

சுற்றுலாத் தொகுப்பாக வாங்கினால் டிசிஎஸ் என்று ஒரு வரியைச் சேர்த்து வாங்குவார்கள். அது போய்விட்ட பணம் இல்லை. உங்க பான் எண்ணில் பதிவாகும். வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் கழித்துக்கொள்ளலாம், வரியே கட்ட வேண்டாதவர் திரும்பப் பெறலாம். கணக்கே தாக்கல் செய்யாதவருக்கு அது கிடைக்காமல் போகும்.

பணம் போச்சு, டிக்கெட் வரலை

இதை எங்க வீட்டிலேயே பார்த்தோம். அக்காவுக்குக் கோலாலம்பூரில் பிரசவம். டாக்டர் சொன்ன தேதிக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. பெரியம்மாவுக்கு அது முதல் விமானப் பயணம். ஒரு முன்பதிவுச் செயலியில் திருச்சி – கோலாலம்பூர் டிக்கெட். கணக்கில் முப்பத்தோராயிரத்துச் சொச்சம் கழிந்துவிட்டது. திரையில் 'முன்பதிவு நடைபெறுகிறது' என்று வந்தது, அதோடு நின்றுவிட்டது. கொஞ்ச நேரத்தில் ஆறு எழுத்து பிஎன்ஆர் ஒன்று வந்தது. பெரியம்மா சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றப் போய்விட்டார்.

பிஎன்ஆர் வந்தால் டிக்கெட் வந்தது என்று அர்த்தமில்லை. பிஎன்ஆர் என்பது இடம் பிடித்து வைத்ததற்கான குறியீடு. பணம் சேர்ந்து டிக்கெட் போட்டால்தான் 13 இலக்க டிக்கெட் எண் வரும். விமான நிறுவனத்தின் தளத்தில் அந்தப் பிஎன்ஆரைப் போட்டுப் பார்த்தோம். அப்படி ஒரு முன்பதிவு இல்லை என்றது.

அடுத்து நாங்கள் செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூகுளில் தேடவில்லை. அங்கே போலி எண்கள் நிறைய இருக்கின்றன, பேசினால் கைபேசியில் ஏதாவது செயலியை இறக்கச் சொல்வார்கள். முன்பதிவுச் செயலிக்குள் இருந்த உதவிப் பகுதியில் மட்டும் புகார் பதிந்தோம். பணம் கழிந்த குறுஞ்செய்தி, பரிவர்த்தனை எண், திரைப்படம் மூன்றையும் சேர்த்து அன்றைக்கே வங்கிக்கும் மின்னஞ்சல் அனுப்பினோம். அதே செயலியில் மறுபடி பணம் கட்டவில்லை.

அப்புறம் முக்கியமான கேள்வி வந்தது. திரும்பி வரும் பணத்துக்குக் காத்திருந்தால் டிக்கெட் விலை ஏறும், தேதியும் நெருங்கும். இரண்டாவது டிக்கெட்டுக்குக் காசு? பெரியம்மா தன் மகளிர் குழுவில் பத்தாயிரம் வாங்கினார், மீதியைப் பெரியப்பா புரட்டினார். விமான நிறுவனத்தின் தளத்தில் நேரடியாக எடுத்தோம். இரண்டு நிமிடத்தில் 13 இலக்க எண் வந்தது. சக்கர நாற்காலி உதவியையும் அங்கேயே கேட்டு வைத்தோம். முதலில் கழிந்த பணம் ஐந்தாம் நாள் கணக்குக்குத் திரும்பியது. பெரியம்மா போய்ச் சேர்ந்த நாலாம் நாள் பேத்தி பிறந்தாள்.

ஐந்தாம் நாள் என்பது அதிர்ஷ்டத்தால் வந்ததில்லை. உள்நாட்டு இணையப் பரிவர்த்தனையில் கார்டில் பணம் கழிந்து வணிகருக்கு உறுதி போகாவிட்டால், 5 நாளுக்குள் தானாகவே திருப்ப வேண்டும், தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2019இல் உத்தரவு போட்டிருக்கிறது. இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு வங்கியிடம் பேசுங்க. 30 நாளில் தீர்வு வராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே போகலாம்.

ரத்து செய்தால் எவ்வளவு வரும்?

'திருப்பித் தர முடியாத டிக்கெட்' என்று போட்டிருந்தாலும் எல்லாமே போய்விட்டது என்று விட்டுவிடாதீங்க. டிஜிசிஏ விதிப்படி, பயணம் செய்யாத டிக்கெட்டில் உள்ள அரசு வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்ப வர வேண்டும். ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையைத் தாண்டக் கூடாது. பணத்துக்குப் பதில் 'கிரெடிட்' வாங்கிக்கொள்வது பயணியின் விருப்பம், நிறுவனம் திணிக்க முடியாது. தரகர் மூலம் எடுத்தாலும் பணத்தைத் திருப்பித் தரும் பொறுப்பு விமான நிறுவனத்துக்கு உண்டு. வெளிநாட்டு விமான நிறுவனம் என்றால் அவர்கள் நாட்டு விதி பொருந்தும். அதனால் எடுக்கும் முன்பே படித்துக்கொள்ளுங்க.

விமானம் தொடர்பான புகாருக்கு ஒன்றிய அரசின் ஏர்சேவா தளமும் செயலியும் உண்டு. நுகர்வோர் புகாருக்கு 1915. ஏமாற்றிப் பணம் எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அடுத்த நிமிடமே 1930. அந்த எண்ணுக்கு எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீங்களோ, பணத்தை வழியில் நிறுத்தி வைக்க அவ்வளவு வாய்ப்பு. வெட்கப்பட்டு இரண்டு நாள் யோசித்தால் பணம் நாலு கணக்கு மாறிப் போயிருக்கும்.

வேலைக்குப் போகிற தம்பி தங்கைகளுக்கு

கடைசியாக ஒன்று. இதில் பணத்தை விடப் பெரியது இருக்கிறது. "டிக்கெட்டும் விசாவும் நாங்களே போட்டுட்டோம், டூரிஸ்ட் விசாவுல போயிடு, அங்க போனதும் மாத்திக்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் யாராவது சொன்னால், போகாதீங்க. இப்படித்தான் தாய்லாந்து வேலை என்று சொல்லி அழைத்துப் போய், மியான்மர், கம்போடியா, லாவோஸில் இணைய மோசடிக் கூடாரங்களில் அடைத்து வைத்தார்கள். வெளியுறவு அமைச்சகம் 2022 முதல் இதைப் பற்றி எச்சரித்து வருகிறது. அப்படிச் சிக்கியவர்களில் நம் மாநிலத்து இளைஞர்களும் இருந்தார்கள்.

முகவரின் பதிவு எண்ணைக் கேளுங்க. இமைக்ரேட் தளத்தில் போட்டால் அவர் பதிவு பெற்றவரா என்று தெரிந்துவிடும். பதிவு பெற்ற முகவர் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், அதற்கும் ரசீது தர வேண்டும். பாஸ்போர்ட்டில் இசிஆர் என்று இருந்தால், குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி வேண்டும். சவுதி, குவைத், மலேசியா எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அந்த அனுமதி உங்களை அலைக்கழிக்க வைத்ததில்லை. ஒப்பந்தத்தை ஒரு அதிகாரி பார்த்து வைப்பதற்காக வைத்தது. வெளிநாட்டில் சிக்கல் என்றால் நம் மாநில அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வு ஆணையரகத்தை அணுகலாம். போவதற்கு முன்பே அந்தத் தொடர்பு எண்ணை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்க.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்க. பீரோவில் இருக்கிற பாஸ்போர்ட்டுகளை எல்லாம் எடுத்து, யாருடையது எப்போது காலாவதி ஆகிறது, சர்நேம் இடத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதி வையுங்க. கல்யாணமோ, பிரசவமோ, துக்கமோ, வெளிநாட்டில் இருந்து போன் வருகிற அன்றைக்கு அந்தத் தாள்தான் முதலில் தேவைப்படும்.